விவாத இழை: சிறு குழந்தைகளுக்குச் சைகை ஆங்கிலம் – விகுதிகளை விடலாமா, விடக்கூடாதா?

மழலைக்கல்வி எழுதியது:

கேட்கும் திறன் குறைந்த சிறு குழந்தைகளுக்கு ஆங்கிலத்தைக் கையால் காட்டிக்கொண்டே பேசும் முறையைப் பற்றி இங்கே துண்டு துண்டாகப் பல இழைகள் கிடக்கின்றன. செயல்முறையை மட்டும் ஓரிடத்தில் பேசிவிடலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

குழந்தைக்கு இரண்டரை வயது. இரண்டு காதிலும் கடுமையான இழப்பு, ஹியரிங் எய்ட் போட்டாயிற்று. வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் காது கேட்கும், சைகை யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு வீட்டில் சைகை ஆங்கிலம் என்று முடிவெடுத்தால் எந்த முறையை எடுப்பது, முதல் மாதத்தில் என்ன செய்வது? இங், எஸ், எட் போன்ற விகுதிகளை ஆரம்பத்திலேயே காட்ட வேண்டுமா, சொற்கள் ஓரளவு சேர்ந்த பிறகா?

கைவிரல் எழுதியது:

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சைகை ஆங்கிலம் என்பது ஒரே முறையின் பெயரல்ல, ஒரு குடும்பம். அமெரிக்காவில் டேவிட் ஆந்தனி 1960களில் தொடங்கிய சீயிங் எசென்ஷியல் இங்கிலீஷ் முன்னோடி. அதிலிருந்து பிரிந்து ஜெரிலீ கஸ்டேசன் குழுவினர் 1972இல் கொண்டுவந்தது சைனிங் எக்ஸாக்ட் இங்கிலீஷ். காது கேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகத்தில் ஹாரி போர்ன்ஸ்டைன் 1970களில் சிறு குழந்தைகளை மனத்தில் வைத்து உருவாக்கியதுதான் சைன்டு இங்கிலீஷ் என்ற பெயரிலேயே உள்ள முறை.

விகுதிகளைக் கையாள்வதில்தான் பின் இரண்டும் பெரிதாக வேறுபடுகின்றன. போர்ன்ஸ்டைன் முறையில் விகுதிக் குறிகள் 14 மட்டுமே: பன்மை, உடைமை, இங், எட், ஒப்பீட்டு இஆர், இஎஸ்டி போன்றவை. எதிர்ப்பொருள் குறி ஒன்றுதான் சொல்லுக்கு முன்னால் வரும், மற்றவை பின்னால். ஒரு சொல்லுக்கு ஒரு குறிக்கு மேல் கிடையாது. அதற்கு மேல் தேவைப்படும் சொல்லை விரலெழுத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் ஒரு விரல் வடிவமாக, எழுதிக் காட்ட வேண்டும். சைனிங் எக்ஸாக்ட் இங்கிலீஷில் ஒட்டுகள் எழுபதுக்கும் மேல், ஒரே சொல்லில் அடுத்தடுத்துச் சேர்க்கலாம்.

அதே முறையில் 'மூன்றில் இரண்டு' என்றொரு விதி உண்டு. ஒலி, எழுத்து, பொருள் மூன்றில் இரண்டு ஒத்தால் ஒரே சைகை. வலது பக்கம் என்ற ரைட்டுக்கும் சரி என்ற ரைட்டுக்கும் ஒலியும் எழுத்தும் ஒன்று, ஆகவே சைகையும் ஒன்று. கரடி என்ற பேருக்கும் (bear) வெறுமை என்ற பேருக்கும் (bare) ஒலி மட்டுமே ஒன்று, ஆகவே இரண்டு சைகை. காற்று என்ற விண்டும் சுற்றுவது என்ற வைண்டும் எழுத்தில் மட்டும் ஒன்று, அவையும் தனித்தனி. இது தெரியாமல் நூலைப் புரட்டும் பெற்றோர் 'பொருந்தவே இல்லையே' என்று திகைப்பார்கள்.

நூல் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. அமெரிக்க விரலெழுத்து ஒரு கையால், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மரபாகப் புழங்குவது இரு கையால். அடிப்படைச் சைகைகளும் அந்தந்த நாட்டுச் சைகை மொழியிலிருந்து எடுத்தவை. பள்ளி எந்த நாட்டு முறையில் நடத்துகிறதோ அதே நூலும் அதே காணொளிகளும்தான் வீட்டில் இருக்க வேண்டும். கலந்தால் குழந்தை இரண்டு இடத்தில் இரண்டு சைகை பார்க்கும், இரண்டையும் பாதி பாதி பிடிக்கும்.

ஒலியியல் எழுதியது:

விகுதிக் கேள்விக்குக் காது பக்கத்திலிருந்து ஒரு பதில். ஆங்கிலத்தில் பன்மை, உடைமை, படர்க்கை ஒருமை வினை மூன்றையும் தாங்குவது எஸ் என்ற ஒற்றை விகுதி. அதன் 'ஸ்' ஒலியின் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது, பெண் குரலில் இன்னும் மேலே போகும். குழந்தையோடு அதிக நேரம் பேசுவது பெரும்பாலும் பெண் குரல்தான். பல குழந்தைகளுக்கு இழப்பு கூடுதலாக இருப்பதும் கருவியின் பெருக்கம் குறையத் தொடங்குவதும் இதே உயர் அதிர்வெண் பகுதியில். எட் விகுதியோ சொல்லின் கடைசியில், அழுத்தமில்லாமல், அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். உதட்டைப் பார்த்தும் பிடிக்க முடியாது.

ஆக, குழந்தைக்குக் காதில் பூனை என்ற 'கேட்' (cat) வருகிறது, 'கேட்ஸ்' (cats) வருவதில்லை. கையிலும் விகுதியை விட்டுவிட்டால் அந்த இலக்கணம் எந்த வழியாக உள்ளே போகும்? சைகை ஆங்கிலத்துக்கு வலுவான ஒரே நியாயம் இந்த விகுதிதான். அதை விட்டுவிட்டுச் சொல் சொல்லாகக் காட்டுவது, பேச்சுக்குத் துணையாக முக்கியச் சொல்லை மட்டும் காட்டும் வேறு முறை. அதில் தவறில்லை, ஆனால் அதிலிருந்து ஆங்கில இலக்கணம் வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கருவி வேலை செய்கிறதா என்பதைத் தினமும் காலையில் லிங் ஆறு ஒலிச் சோதனையால் பாருங்கள்: ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம். வாயை மறைத்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில், சாதாரணக் குரலில், வரிசையை மாற்றி மாற்றி. மறைக்கும்போது கை உதட்டை ஒட்டக்கூடாது, ஒலி மழுங்கும். இரண்டரை வயதில் திருப்பிச் சொல்லாது, ஒலி கேட்டதும் ஒரு கட்டையைப் பெட்டியில் போடப் பழக்கலாம். 'ஸ்' மட்டும் தொடர்ந்து தவறினால் செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

கண்மொழி எழுதியது:

காது பக்க வாதம் சரி. கண் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு சொல்லை வாயால் சொல்ல ஆகும் நேரத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு ஒரு சைகைக்கு ஆகும் என்பதை ஆய்வாளர்கள் பெல்லூஜி, ஃபிஷர் இருவரும் 1972இலேயே அளந்து காட்டினார்கள். இயற்கையான சைகை மொழி முகத்தையும் இடத்தையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தி அந்த நேரத்தை ஈடுகட்டிவிடுகிறது. சைகை ஆங்கிலம் ஒவ்வொரு உருபையும், அதாவது சொல்லையும் விகுதியையும் தனித்தனியாக, வரிசையாக அடுக்குகிறது. 'டாடி இஸ் வாஷிங் தி கார்ஸ்' என்பதற்கு ஏழு கையசைவு. கை பின்தங்கும், வாய் முந்தும், கடைசியில் பெரியவர் கையில்தான் வெட்டு விழும்.

இது ஊகமல்ல. மார்மர், பெட்டிட்டோ இருவரும் 1979இல் அனுபவமுள்ள ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் பேசிச் சைகை செய்வதைப் பதிவு செய்து பார்த்தார்கள். கையில் வந்த வாக்கியங்களில் பெரும்பான்மை இலக்கணப்படி உடைந்திருந்தன. தேர்ந்த ஆசிரியர் நிலையே அது என்றால் நேற்றுக் கற்ற பெற்றோர் என்ன காட்டுவார்கள்?

இன்னொன்று. சைகை ஆங்கிலத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த குழந்தைகள் தாங்களாகவே வினையை இடத்தில் நகர்த்தி, யார் யாருக்குச் செய்தார் என்று காட்டத் தொடங்குவதை சாமுவேல் சுப்பல்லா 1991இல் எழுதினார். யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. கண்ணுக்கு வசதியான இலக்கணத்தைக் குழந்தையே தேடிக்கொள்கிறது. அந்த இலக்கணம் ஏற்கெனவே முழு மொழியாக, காது கேளாதோர் சமூகத்தில் இருக்கும்போது அதை ஏன் மறுக்க வேண்டும்?

கைவிரல் எழுதியது:

மறுக்கச் சொல்லவில்லை. பெரியவர் கையில் வெட்டு விழுகிறது என்பதையும் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது முறையின் விதியா, பயிற்சிக் குறைவா என்பதில் வேறுபடுகிறேன். மேற்பார்வையும் தொடர் பயிற்சியும் உள்ள இடங்களில் பேச்சின் பெரும்பகுதி கையிலும் முழுமையாக வருவதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. ஆகவே 'நான் முழுதாகக் காட்டுகிறேன்' என்ற நம்பிக்கையை வைத்துக்கொண்டு யாரும் நடக்கக்கூடாது, எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணும் வழி இது. விளையாட்டோ சாப்பாடோ நடக்கும் பத்து நிமிடத்தைப் பதிவு செய்யுங்கள். கேமரா குழந்தையின் கண் உயரத்தில், உங்கள் முகமும் இடுப்பு வரையும் தெரிய வேண்டும். நடுவிலிருந்து தொடர்ச்சியாக 20 வாக்கியங்களை எடுத்து, வாயால் சொன்னதை உருபு உருபாக எழுதுங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டு, கையில் வந்தவற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஒலியோடு பார்த்தால் மனம் தானாக இட்டு நிரப்பிவிடும். சொன்னது 120 உருபு, கையில் வந்தது 84 என்றால் 70 சதவீதம். 90க்குக் கீழே இருந்தால் வாக்கியம் உங்கள் கைக்கு நீளம் என்று பொருள்.

விடுபடுபவை எங்கும் ஒரே பட்டியல்தான்: தி, ஏ, இஸ், ஆர், எஸ், எட், அப்புறம் 'புட் ஆன்', 'டேக் ஆஃப்' போன்றவற்றின் சின்னச் சொற்கள். தீர்வு விகுதியை வெட்டுவதல்ல, வாக்கியத்தை வெட்டுவது. 'டாடி இஸ் வாஷிங் தி கார்ஸ் பிகாஸ் தே ஆர் டர்ட்டி' என்பதை இரண்டாக்குங்கள். முதலில் 'தி கார்ஸ் ஆர் டர்ட்டி'. குழந்தை காரைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் 'டாடி இஸ் வாஷிங் தி கார்ஸ்'.

கைக்காகக் காத்திருக்கும்போது வாய்ச்சொல்லை இழுக்காதீர்கள். 'வா…ஷிங்' என்று உயிரொலியை நீட்டினால் காதில் விழும் ஆங்கிலமும் கெட்டுப்போகும். சொற்றொடர் முடிவில் நின்று கையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மழலைக்கல்வி எழுதியது:

எண்ணும் முறைக்கு நன்றி, உடனே அச்சடித்துக் கொடுக்கக்கூடியது. தொடக்க வரிசை பற்றிய கேள்வி மிச்சமிருக்கிறது. போர்ன்ஸ்டைன் நூல்களில் விகுதிகளைக் குழந்தையின் தயார்நிலைக்கு ஏற்பச் சேர்க்கலாம் என்றும், மற்ற முறைக்காரர்கள் முதல் நாளிலிருந்தே எல்லாம் என்றும் சொல்கிறார்களே?

கைவிரல் எழுதியது:

என் தீர்ப்பு: பெரியவர் கையில் முதலிலிருந்தே முழு வாக்கியம், குழந்தையிடம் எதிர்பார்ப்பது மிக மெதுவாக. காது கேட்கும் குழந்தையிடம் யாரும் விகுதியை உரித்துவிட்டுப் பேசுவதில்லை. ஆனால் பெரியவரால் ஒரே நாளில் எல்லாவற்றையும் முழுதாகக் காட்ட முடியாது. அதனால் சொற்களை வீடெங்கும் தூவுவதற்குப் பதிலாக ஒரு சூழலைத் தேர்ந்தெடுத்து அதை முழுமையாக்குங்கள்.

குளியலிலிருந்து தொடங்கச் சொல்வேன். கருவி கழற்றிய நேரம், குழந்தைக்குக் கைதான் ஒரே வழி, அதே வாக்கியங்கள் தினமும் திரும்ப வரும். பத்துப் பதினைந்து வாக்கியங்களை எழுதுங்கள்: 'தி வாட்டர் இஸ் வார்ம்', 'வேர் இஸ் தி டவல்', 'வி ஆர் வாஷிங் யுவர் ஹேண்ட்ஸ்', 'யூ ஸ்ப்ளாஷ்ட் மீ'. ஒவ்வொன்றையும் கண்ணாடி முன் கை தயங்காமல் வரும்வரை பழகுங்கள். இந்தச் சூழல் ஓடத் தொடங்கியபின் உடை உடுத்தல், பிறகு சாப்பாடு. குளியலில் ஒரு நடைமுறைச் சிக்கல்: ஒரு கை குழந்தையைப் பிடித்திருக்கும். இரு கைச் சைகைகளை ஒரு கையால் செய்ய நேரும்போது, அசையாமல் கீழே தாங்கும் கையின் இடத்தில் குழந்தையின் கையையோ தொட்டி விளிம்பையோ பயன்படுத்தலாம். குழந்தை கண்டுகொள்ளும்.

குழந்தையிடமிருந்து எது முதலில் வரும் என்பதற்கு குழந்தை மொழியை ஆராய்ந்த ராஜர் பிரவுன் 1973இல் காட்டிய வரிசையை ஒரு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். காது கேட்கும் குழந்தைகளிடம் இங் முதலில், பிறகு இன், ஆன், பிறகு பன்மை எஸ், உடைமை அதன்பின், தி, ஏ இன்னும் தாமதம், ஒழுங்கான 'எட்' விகுதியும் படர்க்கை எஸ்ஸும் கடைசிப் பகுதியில். ஆனால் கையில் ஒரு கூடுதல் தடை இருக்கிறது. இங் குறி சுண்டுவிரலை மட்டும் நீட்டிய கைவடிவம், மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். சுண்டுவிரலைத் தனியே நிமிர்த்துவது சிறு கைகளுக்குத் தாமதமாக வரும் திறன். குழந்தை சுட்டுவிரலை நீட்டித் திருப்பினால் அது இங்தான். ஏற்றுக்கொண்டு நீங்கள் சரியான வடிவத்தில் வாக்கியத்தைத் திரும்பக் காட்டுங்கள். விரலைப் பிடித்து வளைக்காதீர்கள்.

முதலெழுத்துச் சைகைகளிலும் இதே தொல்லை. ஃபேமிலி, குரூப், கிளாஸ், டீம் நான்கும் ஒரே அசைவு, கைவடிவ எழுத்து மட்டும் வேறு. சின்னக் குழந்தை நான்கையும் ஒரே மாதிரிதான் செய்யும். ஆர், டி, எம், என் வடிவங்கள் இன்னும் கடினம். பொருள் சூழலிலிருந்து தெரிந்தால் போதும்.

ஒழுங்கற்ற இறந்தகாலத்தை மறந்துவிடாதீர்கள். 'வென்ட்' என்பது 'கோ' சைகையோடு இறந்தகாலக் குறி. அவசரத்தில் எல்லோரும் 'கோ' மட்டும் காட்டிவிடுவார்கள், குழந்தைக்கு நேற்றும் இன்றும் ஒன்றாகிவிடும்.

பேச்சுப்பயிற்சி எழுதியது:

இவ்வளவு பேசியும் கண் பார்வை பற்றி ஒருவரும் சொல்லவில்லை. குழந்தை பார்க்காதபோது காட்டிய சைகை நடக்காத சைகை. கேட்கும் குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டே அதன் பெயரைக் கேட்கும். இந்தக் குழந்தை பொம்மையிலிருந்து கண்ணை எடுத்து உங்களைப் பார்த்தாக வேண்டும். கேட்கும் பெற்றோர் பொதுவாகக் காத்திருப்பதில்லை, குழந்தை பொம்மையில் ஆழ்ந்திருக்கும்போதே பேசி முடித்துவிடுவார்கள்.

காது கேளாத தாய்மாரிடம் கற்க வேண்டியது இங்கேதான். பொருளுக்குப் பக்கத்திலேயே, அதே பார்வைக் கோட்டில் சைகை செய்வார்கள். குழந்தையின் உடம்பிலேயே சைகையை வைப்பார்கள். தோளை மெல்லத் தொட்டு, கண் வரும்வரை கை அசையாமல் காத்திருப்பார்கள். முகவாயைப் பிடித்துத் திருப்புவது வேண்டாம், அடுத்த முறை அது கண்ணைத் தவிர்க்கும்.

புத்தகம் படிக்கும்போது மடியில் வைத்துக்கொண்டால் உங்கள் முகம் தெரியாது. எதிரே உட்கார்ந்து புத்தகத்தைச் சாய்வாக நிறுத்துங்கள், இரண்டு கையும் விடுபடும். ஒரு பக்கத்துக்கு இந்த வரிசை: படத்தைப் பார்க்க விடுவது, கண் திரும்பியதும் வாக்கியம், மறுபடி படத்தைச் சுட்டுவது. மூன்று நொடி அமைதியைத் தாங்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் நிழலாகிவிடும், இடம் மாறுங்கள். கோடு போட்ட சட்டை வேண்டாம், தோல் நிறத்திலிருந்து வேறுபட்ட ஒற்றை நிறம் நல்லது.

சைகை ஆங்கிலம் கற்றவர்களிடம் முகம் இறுகிப்போவதையும் கவனித்திருப்பீர்கள். அடுத்த விகுதியை நினைத்துக்கொண்டே இருப்பதால் வருவது. ஆம்–இல்லைக் கேள்விக்குப் புருவம் மேலே, எது–எங்கே கேள்விக்குப் புருவம் சுருங்கி, மறுப்புக்குத் தலையசைவு. இவற்றை அமெரிக்க சைகை மொழியிலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஆங்கில வரிசை கெடாது.

இருமொழிவீடு எழுதியது:

வீட்டில் தமிழ் பேசுகிறோம், பள்ளியில்தான் ஆங்கிலம் என்றால்? தமிழில் பேசிக்கொண்டே இந்தச் சைகைகளைக் காட்டலாமா?

பேச்சுப்பயிற்சி எழுதியது:

வாக்கியமாகக் காட்ட முடியாது. தமிழில் வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயரின் வாலில். ஆங்கிலத்தில் வினை நடுவில், இன், ஆன் எல்லாம் பெயருக்கு முன்னால். 'பந்து பெட்டிக்குள்ள இருக்கு' என்று வாய் சொல்ல, கை 'தி பால் இஸ் இன் தி பாக்ஸ்' என்று வரிசை போட்டால் எந்தச் சைகை எந்தச் சொல்லுக்கு என்று குழந்தையால் இணைக்க முடியாது. இரண்டு வழிதான் உண்டு. நேரத்தைப் பிரிப்பது: குளியலும் புத்தகமும் ஆங்கிலம், பேச்சும் கையும் சேர்ந்து. மற்ற நேரம் தமிழ்ப் பேச்சு, அதில் முக்கியச் சொல்லுக்கு மட்டும் தனிச் சைகை. அல்லது கைக்கு இயற்கைச் சைகை மொழியை வைத்துக்கொண்டு, பேச்சைத் தனியாகத் தமிழில் தொடர்வது. பெற்றோருக்கு ஆங்கிலம் தடுமாற்றம் என்றால் இரண்டாவதே நல்லது. தடுமாறும் ஆங்கிலத்தைக் கையாலும் தடுமாறிக் காட்டுவதில் குழந்தைக்கு எந்த லாபமும் இல்லை.

கண்மொழி எழுதியது:

இதோடு உடன்படுகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எந்த வழியாக இருந்தாலும் சரளமாகச் சைகை செய்யும் காது கேளாத பெரியவர் ஒருவர் வாரம் ஒருமுறையாவது குழந்தையோடு இருக்கட்டும். காது கேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். வீட்டில் யாரும் சரளமாக இல்லாத மொழியில் குழந்தை தனியே நீந்துகிறது. கதை, விளையாட்டு, கோபம், கிண்டல் எல்லாம் வேகமாக ஓடும் கைகளை அது பார்க்க வேண்டும். ஷிக், மோல்லர் இருவரின் 1992 ஆய்வில், சைனிங் எக்ஸாக்ட் இங்கிலீஷில் வளர்ந்த மாணவர்களுக்கு வாக்கிய அமைப்பு நன்றாகவே வந்திருந்தது, விகுதிகளும் துணைவினைகளும்தான் பலவீனமாக இருந்தன. விகுதிக்காகவே இந்த முறை என்று இங்கே சொன்னவர்கள் அதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஒலியியல் எழுதியது:

நியாயமான எதிர்வாதம். கையில் விகுதி காட்டியது போதும் என்று இருந்துவிட முடியாது, காதிலும் எழுத்திலும் அதே விகுதி வர வேண்டும். மூன்று வயதிலிருந்தே குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிய சிறு வாக்கியங்களில் எஸ், இங் இரண்டையும் வேறு நிறத்தில் எழுதிக் கைக்குறியோடு சேர்த்துக் காட்டுங்கள்.

உள்காதில் அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்தால் சைகையை நிறுத்த வேண்டுமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் ஆன் கியர்ஸ் குழுவினரின் ஆய்வு, சைகை இல்லாமல் வளர்ந்த இம்ப்ளாண்ட் குழந்தைகளின் பேச்சு மேலாக இருந்தது என்றது. உடனே கடுமையான மறுப்புகளும் வந்தன. இயற்கைச் சைகை மொழி, சைகை ஆங்கிலம், சில சொற்களுக்கு மட்டும் சைகை ஆகிய எல்லாவற்றையும் ஒரே குழுவில் போட்டார்கள் என்பது ஒன்று. பேச்சு நன்றாக வந்த வீடுகள் தாமாகவே சைகையை விட்டிருக்கலாம், ஆகவே எது காரணம் எது விளைவு என்று சொல்ல முடியாது என்பது இன்னொன்று. அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு குழந்தையின் கையைக் கட்டிப்போடாதீர்கள். இம்ப்ளாண்ட் பொருத்திய பிறகும் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள மாதக்கணக்கில் ஆகும், அந்த இடைவெளியில் மொழி நிற்கக்கூடாது.

மழலைக்கல்வி எழுதியது:

கடைசியாக ஒன்று. குழந்தை சொற்களைக் கோர்க்கத் தொடங்கியபின் விகுதியே வராமல் நின்றுவிட்டால் எப்போது கவலைப்பட வேண்டும்?

கைவிரல் எழுதியது:

முதலில் மேலே சொன்ன 20 வாக்கிய எண்ணிக்கையைப் பெரியவர் கையில் செய்யுங்கள். வராத விகுதி, பெரும்பாலும் பெரியவர் காட்டாத விகுதிதான். 90க்கு மேல் இருந்தும் வரவில்லை என்றால் சூழலைச் சுருக்குங்கள். ஒரு பந்து, பல பந்து என இரண்டு பெட்டி வைத்து, 'பால்', 'பால்ஸ்' என்ற வேறுபாட்டில்தான் எந்தப் பெட்டி கிடைக்கும் என்பது தீரும்படி விளையாடுங்கள். அப்போதுதான் விகுதிக்குப் பொருள் இருப்பது குழந்தைக்குத் தெரியும். கைக்குறியைப் புரிந்துகொண்டு சரியான பெட்டியை எடுக்கிறதா என்று முதலில் பாருங்கள், தானாகக் காட்டுவது பிறகு. புரிகிறது, ஆனால் காட்டவில்லை என்றால் விரல் திறனாக இருக்கலாம், காத்திருக்கலாம். ஆறு மாதம் இப்படி விளையாடியும் புரியவே இல்லை என்றால் கேட்கும் அளவையும் பார்வையையும் மறுபடி சோதியுங்கள். பார்வைச் சோதனையைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். விரல் விவரம் தெரியாத கண்ணுக்கு எந்தச் சைகை முறையும் உதவாது. அப்புறம் கண்மொழி சொன்ன இயற்கைச் சைகை மொழி வழியைத் தாமதிக்காமல் எடுங்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது தேவை ஆங்கிலத்தின் எஸ் அல்ல, தங்கு தடையில்லாமல் கேள்வி கேட்கவும் பதில் பெறவும் ஒரு மொழி.